காசு தங்காதவர்களாம் நாங்கள்

முந்தாநாள் விவசாயிகள் கூட்டத்தில் ஓர் அரசாங்க உத்தியோகத்தர் பேசிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரக்கறி விவசாயிகளுக்குச் செலவு செய்யத் தெரியாதாம், கையில் காசு தங்காதாம், அதனால்தான் பிள்ளைகளுக்குச் சத்துக்குறைவாம். முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் என் சித்தப்பா. இரண்டு நாளாக எனக்கு மனம் ஆறவில்லை.

காசு தங்க வேண்டுமானால் முதலில் அது எங்களுடையதாக இருக்க வேண்டும். கரட் போட்டால் காசைக் கண்ணால் காண மூன்று மாதத்துக்கு மேலாகும். லீக்ஸுக்கு இன்னும் கூடுதலாகும். விதை, பசளை, மருந்து எல்லாம் கடன். விற்ற காசு கடைக்காரருக்குப் போய்விடும். பிள்ளையின் வயிறு அடுத்த அறுவடை வரை பொறுத்திருக்குமா?

நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள கந்தப்பளையில், கடனுக்கு வாங்கிய சாமானை எழுதும் எங்கள் வீட்டுக் கடைக்கொப்பி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீல அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அறுவடை முடிந்த வாரத்துப் பக்கத்தில் அரிசி, பருப்பு, கருவாடு என்று இருக்கும். போகப்போக அரிசி மறைந்து, ‘மா 1 கிலோ’ மட்டும் இருக்கும். அம்மா ரொட்டியை எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, வெறும் தேநீரோடு தோட்டத்துக்குப் போவார். அவருக்கா செலவு செய்யத் தெரியாது?

“வீட்டு மரக்கறியைச் சாப்பிடலாமே” என்கிறார் ஒருவர். சாப்பிடுகிறோம், சந்தையில் கழித்த கரட்டை. ஆனால் எங்கள் மலை உயரத்தில் நெல் விளைவதில்லை, தென்னை காய்ப்பதில்லை. சோறும் சம்பலும் கீழேயிருந்து லொறியில் ஏறி வர வேண்டும். காசு இருந்தால்தான் சோறு.

குடிக்கிறார்கள் என்பீர்கள். குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. எங்கள் அப்பா ஒரு சொட்டும் தொட்டதில்லை. எங்கள் கொப்பியிலும் அரிசி மறைந்ததே? கைபேசி வாங்குகிறார்கள் என்பீர்கள். 2020இல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பாடத்தைக் கைபேசியில் அனுப்பினார்கள். தங்கச்சி படிக்க வேண்டும் என்று அம்மா தன் தோட்டை அடகு வைத்தார். அதுவும் வீண்செலவா?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள். இடையில் நாங்கள் கிளறி எடுத்த உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. அந்தக் கடனை இரண்டு வருடம் கட்டினோம். அந்த முடிவை எடுத்தவர்களை மேடையில் நிற்கவைத்து யாரும் பாடம் நடத்தவில்லை.

வங்கியில் கடன் எடுக்கலாமே என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கொத்திய மண்ணுக்கு எங்கள் பெயரில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. எதைக் காட்டிக் கேட்பது? அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

எழுந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று சித்தப்பாவிடம் நேற்றுக் கேட்டேன். “பசளை மானியத்துக்குப் பெயர் எழுதுகிறவர் அவர்தானே, மகள்” என்றார்.