வின்ட்சர் போதகர் ஜெர்மன் உளவாளியா?
"முதல் உலகப்போரில் ஜெர்மனிக்கு உளவு பார்த்த அமெரிக்கப் பாதிரியாருக்கு 15 ஆண்டு சிறை" என்று கிளாரன்ஸ் வால்ட்ரன் பெயரைப் போட்டு வாட்ஸ்ஆப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. 15 ஆண்டு என்பது சரி. உளவு என்பது பொய்.

ஆளைக் குழப்புவது சட்டத்தின் பெயர். 1917 ஜூனில் வந்த உளவுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பதைத் தடுத்தாலே 20 ஆண்டு வரை உள்ளே தள்ளலாம் என்றது. ரகசியம் எதையும் விற்றிருக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்ததே போதும்.

வால்ட்ரன், வெர்மான்ட் மாநிலத்தின் வின்ட்சர் என்ற சிற்றூரில் பாப்டிஸ்ட் போதகர். கிறிஸ்தவன் போரில் ரத்தம் சிந்தக்கூடாது என்பது அவர் போதனை. 1917 அக்டோபரில், போர்க்கடன் பத்திரத்துக்கென ஒதுக்கிய ஞாயிறன்று அவர் ஒத்துழைக்கவில்லை என்று ஊர் கொதித்தது. அமெரிக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு தேசப் பாட்டே பாடிக் காட்டினார் மனிதர். சந்தேகம் தீரவில்லை.

கடைசியில் அந்த உளவுச் சட்டத்தின் கீழ் வழக்கு. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. 1918 மார்ச்சில், மறுவிசாரணையில்தான் தண்டனை. "தேசத்துரோகச் சட்டத்தில் சிறை" என்று சிலர் திருத்துகிறார்களே, அதுவும் தப்பு. அந்தச் சட்டம் வந்ததே மே மாதம்.

ஏறக்குறைய ஓராண்டு சிறைக்குப் பின், 1919இல் அதிபர் வில்சன் தண்டனையைக் குறைக்க, வெளியே வந்தார்.