இளைத்துப்போன போனுக்கு 1,599 வெள்ளியா?

5.6 மில்லிமீட்டர் தடிமனாம். 2025 செப்டம்பரில் ஆப்பிளின் ஐபோன் ஏர் அறிவிப்பு வந்ததிலிருந்து இந்த ஓர் எண்ணைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே காணொளி, அலுவலக மின்தூக்கியில் அதே பேச்சு, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவர் திரையிலும் அதே விளம்பரம். புரட்சியாம், புதுமையாம், இதுவரை இப்படி ஒன்று வந்ததே இல்லையாம். வாயைப் பிளக்கும் பெருமக்களே, யாராவது ஒருவர் பின்னால் துருத்தி நிற்கும் அந்தக் கேமரா மேட்டையும் சேர்த்து அளந்து பார்த்தீர்களா? அதை விட்டுவிட்டு எடுத்த கணக்குதான் அந்த 5.6. தொப்பையை ஒதுக்கிவிட்டு இடுப்பளவு சொல்வது மாதிரி.

சரி, இளைக்க வைப்பதற்கு என்னென்ன கழற்றினார்கள்? பின்னால் ஒரே ஒரு கேமரா. கீழ்ப்பக்க ஒலிபெருக்கி போச்சு. காதில் வைத்துப் பேசும் இடத்தில் இருக்கும் ஒன்றுதான் பாட்டுக்கும் படத்துக்கும். சிம் அட்டை செருகும் இடமும் போச்சு. பேட்டரியின் கொள்ளளவு 3,149 எம்ஏஎச்தான். இதெல்லாம் போகட்டும் என்றால், அதே நாளில் இந்தப் போனின் முதுகில் ஒட்டிக்கொள்ளத் தனியாக ஒரு பேட்டரியையும் அறிமுகம் செய்தார்கள். அமெரிக்க விலை 99 டாலர், ஏருக்கு மட்டும்தான் பொருந்தும். மெலிசாக இருக்கிறது என்று காசு கொடுக்க வேண்டும், அப்புறம் அதைத் தடிமனாக்கவும் காசு கொடுக்க வேண்டும். நம்மை என்னவென்று நினைத்துவிட்டார்கள்?

மெலிசான போன் என்பதாவது புதுசா என்றால் அதுவும் கிடையாது. 2014லேயே விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மில்லிமீட்டரில் வந்தது, ஹெட்போன் செருகும் ஓட்டையோடு! அதே வருஷம் ஒப்போ ஆர்5, 4.85 மில்லிமீட்டர். அன்றைக்கு யாரும் புரட்சி என்று தெருவில் இறங்கிக் கூவவில்லை. பதினோரு வருஷம் கழித்து அதைவிடத் தடிமனாக ஒன்று வந்தால் மட்டும் எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?

இந்த வியாபாரத் தந்திரம் நமக்குப் பழக்கமானதுதான். 2016இல் ஐபோன் 7இலிருந்து ஹெட்போன் ஓட்டையை அடைத்தார்கள். மேடையில் அதற்குத் துணிச்சல் என்று பெயர். அதே மேடையில் 159 டாலருக்கு ஏர்பாட்ஸ் என்ற கம்பியில்லாத ஹெட்போன். 2020இல் பெட்டிக்குள்ளிருந்த சார்ஜரைத் தூக்கினார்கள், சுற்றுச்சூழலுக்காகவாம். அதைப் பார்த்து சாம்சங் கிண்டல் அடித்தது, எங்கள் பெட்டியில் சார்ஜர் உண்டு என்று. அடுத்த ஜனவரியில் எஸ்21 வந்தபோது அவர்கள் பெட்டியிலும் சார்ஜர் இல்லை. கிண்டல் பதிவும் காணாமல் போனது. இப்போது மெலிசுப் பந்தயத்திலும் இருவரும்தான். ஏருக்கு நாலு மாதம் முன்பே சாம்சங்கின் எஸ்25 எட்ஜ், 5.8 மில்லிமீட்டர், 3,900 எம்ஏஎச். உள்ளதை எடுத்துவிட்டு அதையே திரும்ப விற்கும் வேலையில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

டைட்டானியக் கூத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் ஐபோன் 15 ப்ரோவுக்கு டைட்டானியம்தான் உலக அதிசயம். 2025இல் 17 ப்ரோவுக்கு அலுமினியம்தான் சிறந்தது, சூட்டை நன்றாகக் கடத்துமாம். இரண்டு முறையும் தலையாட்டியவர்கள் ஒரே ஆட்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி, பகல் சாப்பாட்டு நேரத்தில் கோப்பிக்கடையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுக்கிறான். "அண்ணே, கையில வாங்கிப் பார்த்தாத்தான் தெரியும்." போய் வாங்கியும் பார்த்தேன். கடையில் சங்கிலி போட்டு வைத்திருந்ததைத் தூக்கினால், உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறது. 165 கிராம்தான். மின்சுற்றுகளில் பெரும்பகுதியை அந்தக் கேமரா மேட்டுக்குள் அடக்கிவிட்டு, மிச்ச உடம்பைப் பேட்டரிக்கு விட்டிருக்கிறார்கள். அந்தப் பொறியாளர்களின் கைவண்ணத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் எங்களில் யாருக்கு, எப்போது, போன் தடியாக இருக்கிறது என்று கவலை வந்தது? வாங்கிய பத்து நிமிஷத்தில் எல்லாரும் அதற்கு உறை போடப் போகிறார்கள். தம்பியிடம் இதைக் கேட்டால், "உங்களுக்கு ரசனை இல்லண்ணே" என்கிறான். அவனுடைய இரண்டு வருஷ போன் ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, பையில் எப்போதும் ஒரு பவர்பேங்க், இவன் எனக்கு ரசனை சொல்லித் தருகிறான்.

சிம் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு வயிறு எரிவது இதில்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்களில் எத்தனையோ பேர் ஊர் எண்ணை உயிரோடு வைத்திருப்பது எதற்கு? ஊர் வங்கி அனுப்பும் ஓடிபிக்கு. பணம் அனுப்ப, அம்மாவின் மருந்துக்குக் கட்ட, வீட்டுக் கடன் தவணை பார்க்க, எல்லாவற்றுக்கும் அந்த ஆறு எண்கள் வந்தாக வேண்டும். அதனால் இங்குள்ள எண் ஒரு சிம், ஊர் எண் இன்னொரு சிம். ஐபோன் ஏரில் எந்த நாட்டில் வாங்கினாலும் சிம் செருக இடமே கிடையாது. ஊர் எண்ணை இசிம்மாக, அதாவது அட்டையே இல்லாமல் போனுக்குள் பதியும் சிம்மாக, மாற்றலாமே என்பார்கள். நான் மாற்ற முயன்றேன். இங்கிருந்தபடி வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், ஒரு பெண்மணி மிக மரியாதையாக, "சார், நேரில் கடைக்கு வந்துவிடுங்கள்" என்றார். எந்தக் கடைக்கு என்றேன். மாவட்டத் தலைநகரத்தில் இருக்கும் கடைக்காம்! ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் போய், விடுதியிலிருந்து வந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டு நிற்கும் தம்பிகளிடம் இந்தப் புதுமையைக் காட்டிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது. இரண்டாவது, ரெண்டு சிம் போடலாமா.

அப்புறம் இந்தச் செயற்கை நுண்ணறிவுப் பெருமை. ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்று போனுக்குள் வைத்திருக்கும் அந்த வசதியில் சிங்கப்பூர் ஆங்கிலத்தை 2025 ஏப்ரலில் சேர்த்தார்கள், மகிழ்ச்சி. இந்த நாட்டின் நாலு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றான தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஏர் வந்த அதே செப்டம்பரில் ஏர்பாட்ஸ் வழியாக நேரடி மொழிபெயர்ப்பு என்று கொண்டுவந்தபோதும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், போர்ச்சுகீசியம், ஸ்பானிஷ் ஆகியவைதான். பலதுறை மருந்தகத்தில் என் மாமியார் தாதியிடம், "நெஞ்சு கரிக்குதும்மா" என்கிறார். தாதி என் முகத்தைப் பார்க்கிறார். நான் பாதி ஆங்கிலம், பாதி சைகையில் விளக்குகிறேன். அந்த இடத்தில் ஒரு போன் கைகொடுத்திருந்தால், அது அரை அங்குலத் தடிமன் என்றாலும் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

2005 பொங்கலன்று இதே சிங்கப்பூரில் செல்லினம் வெளியானது நினைவிருக்கிறதா? முத்து நெடுமாறன் உருவாக்கியது. பொத்தான் வைத்த சாதாரணக் கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி பிறந்தது. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது நானும் வாயைப் பிளந்தேன், அதில் சந்தேகமே இல்லை. முன்பு முடியாத ஒன்று மறுநாள் முடிந்தது. ஏரை வாங்கினால் மறுநாள் எனக்குப் புதிதாக என்ன முடியும்? சட்டைப் பையில் வைத்தது தெரியாமல் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட முடியும்.

புதுமையே செத்துவிட்டது என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. பேட்டரிக்குள் வழக்கமாகக் கிராஃபைட் இருக்கும் முனையில் சிலிக்கான் கலந்த கார்பனைப் போட்டால் அதே இடத்துக்குள் கூடுதல் மின்சாரம் அடங்கும். ஹானர் 2023இல் அதைப் போனில் கொண்டுவந்தது, 2024இல் ஒன்பிளஸ் 13 அதை வைத்து 6,000 எம்ஏஎச் கொடுத்தது. ஏரில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. பேட்டரி கண்ணுக்குத் தெரியாதே, பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்து ஊருக்குக் காட்ட முடியாதே.

ஏர் வெளியானபோது இங்கே விலை 1,599 வெள்ளியில் ஆரம்பம். சிங்பாஸ் என்ற அரசு அடையாளச் செயலிக்கும் பேநவ் என்ற பணம் அனுப்பும் வசதிக்கும் போன் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாள் ஓடாது என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் இந்தத் தைரியம். என் ஒப்பந்தம் போன மாதம் முடிந்தது. அன்றிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனம் நாள் தவறாமல் குறுஞ்செய்தி அனுப்புகிறது, மெலிசுக்கு மாறுங்கள், மெலிசுக்கு மாறுங்கள் என்று. நான் தேக்கா பக்கம் ஒரு கடையில் பழைய போனுக்குப் புது பேட்டரி போட விலை கேட்டேன். நூறு வெள்ளிக்குள் முடித்துத் தருகிறாராம், சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.