அது வங்காளம் இல்லை, நம் தாது வருஷம்

காலையிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி: "அந்த ஃபேஸ்புக் பக்கம் நடத்துகிறவரோடு என்ன சண்டை?" சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. எலும்பும் தோலுமாக ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு, '1943 வங்காளப் பஞ்சம், சர்ச்சிலின் கைங்கரியம்' என்று எழுதியிருந்தார். இது 1876-78 சென்னை மாகாணப் பஞ்சம், நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே அது, எடுத்தவர் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி என்று ஒரே ஒரு கமெண்ட் போட்டேன். முதலில் கமெண்டைத் தூக்கினார், அப்புறம் என்னை.

1943-இல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சில் பிறந்தது 1874-இல். நம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது அவர் மூக்கொழுக நின்ற பிள்ளை. அந்த வயதிலேயே பஞ்சம் உண்டாக்கியிருந்தால் கெட்டிக்காரப் பிள்ளைதான்.

உடனே ஒருவர், "வெள்ளைக்காரனுக்கு வக்கீலா?" என்கிறார். ஐயா, 1943-க்காக சர்ச்சிலை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். தாது வருஷத்தில் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவை ஏன் தப்பவிடுகிறீர்கள்? 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து டில்லியில் தர்பார். இங்கே நிவாரண வேலைக்குப் போனவனுக்கு, பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு ராத்தல் அரைக் கிலோகூட வராது. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர், அந்தப் பஞ்சத்து நிவாரண வேலையில் வெட்டியதுதான். பறக்கும் ரயிலில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அதேதான். செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். அது நம் தாது வருஷம். வேறு யாருடையதும் இல்லை.

"உணர்வுதானே முக்கியம்?" வங்காளத்துக்கு சுநீல் ஜானா எடுத்த படங்கள் இருக்கின்றன. 1943 ஆகஸ்டில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை துணிந்து வெளியிட்ட படங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நம்மிடம் பிணம் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை.

"ஹூப்பர் படமே உட்காரவைத்து எடுத்ததுதானே" என்று இன்னொருவர். உண்மைதான். 1886-இல் பர்மாவின் மாண்டலேயில் சுட்டுக் கொல்லப்படுகிறவர்களைப் படம் பிடித்ததற்காக அவர் மேல் விசாரணையே நடந்தது. அவர் நல்லவர் என்று நான் எங்கே சொன்னேன்? விடுங்கள்.

"சின்னத் தப்புக்கு ஏன் இந்தக் குதி?" இதுதான் குத்துகிறது. தட்டில் சோற்றைச் சிந்தினால் என் பாட்டி, "தாது வருஷம் வந்தாத் தெரியும் உனக்கு" என்பாள். அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே முடிந்துபோன பஞ்சம், அவள் வாயில் அப்படியே இருந்தது. அவள் போனபோது, பதினாறாம் நாள் ஃப்ளெக்ஸில் அவள் தங்கையின் படத்தை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டும் ஒரே சாயல்தானே, யார் பார்க்கப்போறா" என்றார் கடைக்காரர். சின்னப்பாட்டி பார்த்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவள், தன் முகத்துக்குக் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் சிரித்துச் சமாளித்தோம். அம்மா சிரிக்கவில்லை. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, ஸ்டாம்பு அளவுக்கு இருந்த பாட்டியின் படம் ஒன்றைத் தேடி எடுத்து, அந்தப் பெரிய முகத்தின் மேல் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

அந்தப் பதிவு பத்தாயிரம் ஷேரைத் தாண்டிவிட்டதாம். வாழ்த்துகள்.