ஜிடிஎக்ஸ் 970, ஆர்9 390: பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கும்போது

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970, ஏஎம்டியின் ரேடியான் ஆர்9 390 ஆகிய இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் என் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எது உசத்தி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கோர்களின் (கணக்குப் போடும் சிறு அலகுகளின்) எண்ணிக்கையைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். இரண்டையும் பல ஆண்டுகள் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணிக்கைக்கும் இந்தக் கார்டுகள் உழைத்த காலத்துக்கும் பெரிய தொடர்பு கிடையாது. மெமரி எப்படி இணைக்கப்பட்டிருந்தது, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) எத்தனை ஆண்டுகள் வந்தது என்ற இரண்டும்தான் இவற்றின் ஆயுளைத் தீர்மானித்தன.

970 வெளிவந்தது 2014 செப்டம்பரில். 390 வந்தது 2015 ஜூனில். இரண்டுக்கும் அறிவிக்கப்பட்ட விலை ஒன்றே, 329 டாலர். இரண்டும் 28 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்ட சிப்கள். 970இல் 1664 கோர்களும் 4 ஜிபி மெமரியும் 256 பிட் பஸ்ஸும் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை) இருந்தன. 390இல் 2560 கோர்கள், 8 ஜிபி மெமரி, 512 பிட் பஸ். கணக்குப்படி 390இன் கணக்கிடும் திறன் 5.1 டெராஃப்ளாப்ஸ் (விநாடிக்கு 5.1 லட்சம் கோடிக் கணக்குகள்), 970க்கு 3.9 மட்டுமே. தாளில் மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் அன்றைய கேம்களை 1080பி அளவில் ஓட்டியபோது இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நின்றன. காரணம், ஒரு நிறுவனத்தின் கோரும் மற்றொன்றின் கோரும் ஒரே அளவுகோல் அல்ல. என்விடியாவின் மாக்ஸ்வெல் வடிவமைப்பு குறைந்த கோர்களை அதிக நேரம் வேலையில் வைத்திருந்தது. கேம்கள் கார்டோடு பேச உதவும் டைரக்ட்எக்ஸ் 11 என்ற இடைமுகத்துக்கான ஏஎம்டியின் டிரைவரோ பிராசஸரின் ஒற்றைக் கோரை அதிகம் நம்பியிருந்ததால், சுமாரான பிராசஸர் உள்ள கணினியில் 390இன் திறனில் ஒரு பகுதி வெளியே வராமலே போனது. 2016 ஜூலையில் டூம் கேமுக்கு, பிராசஸரின் சுமையைக் குறைக்கும் வல்கன் என்ற புதிய இடைமுகத்தின் ஆதரவு வந்தபோது ஏஎம்டி கார்டுகளின் வேகம் சட்டென்று ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, அந்தத் திறன் அதுவரை எங்கே முடங்கிக் கிடந்தது என்பது புரிந்திருக்கும்.

970இன் மெமரி விவகாரத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் அதைப் பாதி புரிந்துகொண்டு பேசுபவர்களே அதிகம். கார்டில் 4 ஜிபி மெமரி இருந்தது உண்மை. அது 512 எம்பி வீதம் எட்டுத் துண்டுகளாக, எட்டுத் தனித்தனிப் பாதைகளில் இணைக்கப்பட்டிருந்தது. முழுமையான சிப்பைக் கொண்ட ஜிடிஎக்ஸ் 980இல் ஒவ்வொரு பாதைக்கும் சொந்தமாக ஒரு எல்2 கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) பகுதி உண்டு. 970இல் அவற்றுள் ஒன்று அணைக்கப்பட்டிருந்ததால், எட்டாவது துண்டு பக்கத்துப் பாதையின் கேச் வழியாகத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. எனவே முதல் 3.5 ஜிபி விநாடிக்கு 196 ஜிபி வேகத்திலும், கடைசி அரை ஜிபி வெறும் 28 ஜிபி வேகத்திலும் இயங்கின; ஒரே சமயத்தில் இரண்டிலிருந்தும் படிக்கவும் முடியாது. விளம்பரத்தில் சொன்ன 224 ஜிபி என்பது இரண்டையும் கூட்டி எழுதிய எண். 64 ஆர்ஓபி (பிக்சல்களை இறுதியாக எழுதும் அலகுகள்), 2 எம்பி கேச் என்று அறிவிக்கப்பட்டவை உண்மையில் 56, 1.75 எம்பி என்பதும் 2015 ஜனவரியில்தான் வெளியே வந்தது. நிறுவனத்தின் உள்ளே ஒரு பிரிவு சொன்னது இன்னொரு பிரிவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று என்விடியா விளக்கம் தந்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு, வாங்கியவர்களுக்குக் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தருவது என்ற சமரசத்தில் முடிந்தது. அந்த வடிவமைப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு பகுதி பழுதான சிப்பைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துவது நல்ல பொறியியல். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். காசு கொடுப்பவருக்கு அந்தத் தாளைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

இதன் விளைவு விநாடிக்குச் சராசரியாக எத்தனை ஃபிரேம் (படம்) என்ற எண்ணிக்கையில் தெரியாது. கேமில் நகரத் தெரு ஒன்றில் வண்டியைத் திருப்பும்போது, திரையின் மூலையில் எண் 55 என்றே நிற்கும். படம் மட்டும் கண்ணிமைக்கும் நேரம் உறைந்து, பிறகு தாவும். டெக்ஸ்சர் (பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படங்கள்) அளவு 3.5 ஜிபியைத் தாண்டும்போதெல்லாம் டிரைவர் அந்த மெதுவான பகுதியைத் தவிர்க்கப் படாதபாடு படும். அதே கேமில், அதே டெக்ஸ்சர் அளவில், 8 ஜிபி கொண்ட 390 அலட்டிக்கொள்ளாமல் ஓடும். 2015இல் அந்த 8 ஜிபி வீண் ஆடம்பரம் என்று எழுதியவர்கள் பலர். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காலம் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

இதற்கு 390 கொடுத்த விலை மின்சாரம். அறிவித்த அளவுகளின்படி 970க்கு 145 வாட், 390க்கு 275 வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால், இந்த 130 வாட் வித்தியாசம் மட்டுமே மாதத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. மே மாத மதியத்தில் கேபினட்டின் பின்புறம் கையை வைத்தால், இஸ்திரிப் பெட்டிக்கு அருகில் கை வைத்தது போலிருக்கும். சென்ற ஆண்டு கார்டைப் பிரித்தபோது, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்து விழுந்தது. ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி பஞ்சாகப் படிந்திருந்தது. துடைத்துப் புதிதாகப் பூசியதும் வெப்பநிலை கணிசமாக இறங்கியது. பழைய கார்டு வாங்கும் யாரும் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மெமரியில் வென்ற 390 டிரைவரில் தோற்றது. 2021 ஜூனில் ஏஎம்டி இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டது. 390க்கு ஒன்பது மாதம் முன்பே பிறந்த 970க்கோ 2025 அக்டோபர் வரை கேம் ரெடி டிரைவர்கள் (என்விடியாவின் வழக்கமான கேம் டிரைவர்கள்) வந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை தொடரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. நான்கு ஆண்டு வித்தியாசம் சிறியதல்ல. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த 8 ஜிபி கார்டை ஆறே ஆண்டுகளில் கைவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. லினக்ஸில் மட்டும் நிலைமை வேறு. அங்கே திறந்த மூல டிரைவர் 390ஐ இன்னும் தாங்கிப் பிடித்திருக்கிறது. வல்கன் கேம்களும் ஓடுகின்றன.

ஆகவே விண்டோஸ் பயன்படுத்துபவர், பவர் சப்ளை சிறியது என்றால், டெக்ஸ்சர் அளவைக் குறைத்துக்கொண்டு 970ஐ எடுப்பதே நல்லது. லினக்ஸ் பழகியவர், நல்ல பவர் சப்ளை வைத்திருப்பவர் 390ஐத் தயங்காமல் வாங்கலாம். என் வீட்டில் 970 தங்கையின் விண்டோஸ் கணினியில் இருக்கிறது. 390 என் மேசைக்கு அடியில், பக்கவாட்டு மூடி கழற்றிய கேபினட்டில், லினக்ஸில் ஓடுகிறது.