டேவி கிராக்கெட்டுக்கு ஒரு வால்

(டென்னஸி மாநிலம், நாஷ்வில். ஞாயிறு மாலை. சாப்பாட்டு மேசை மேல் தையல் மெஷின். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் ஓய்வுபெற்ற டெய்லர். மருமகள் கையில் கத்தரி. எந்த நேரத்தில் சொல்வது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும் பிள்ளை, நாளைக்கு வேண்டியதை இன்று மதியம்தான் சொல்லியிருக்கிறான்.)

மாமனார்: ஏம்மா, உள்ளே பூனைச் சண்டையா? மாடிப்படி வரைக்கும் முடி பறக்கிறதே.

மருமகள்: பூனை இல்லை மாமா, ஃபர் துணி. உங்கள் பேரன் நாளைக்குப் பள்ளியில் டேவி கிராக்கெட் வேஷம். ரக்கூன் தொப்பி வேண்டுமாம், பின்னால் வாலோடு.

மாமனார்: தினம் ராத்திரி நம் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறதே, அந்த ரக்கூனா?

மருமகள்: அதேதான். 1971-இலிருந்து அதுதான் இந்த மாநிலத்தின் விலங்கு.

மாமனார்: அரசாங்க ஆளா! அதனால்தான் ‘சூ’ என்றால் நகர மாட்டேன் என்கிறது. அந்த கிராக்கெட் யார்?

மருமகள்: 1786-இல் கிழக்கு டென்னஸியில் பிறந்தவர். வேட்டைக்காரர். அப்புறம் இங்கிருந்து காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1836-இல் டெக்சஸில், அலமோ சண்டையில் இறந்துபோனார்.

மாமனார்: வேட்டைக்காரர் தலையில் வால் தொங்கட்டும். படிக்கிற பையன் தலையில் எதற்கு?

மருமகள்: டிவி செய்த வேலை மாமா. 1954 டிசம்பரில் அவர் கதையை டிவியில் போட்டார்கள். 1955-இல் இந்த நாட்டுப் பையன்கள் தலையிலெல்லாம் வால் முளைத்துவிட்டது.

மாமனார்: சரி, வெட்டினதைக் காட்டு. (தூக்கிப் பார்க்கிறார்.) இது என்னம்மா, பாதி படிய வாரின மாதிரி இருக்கிறது, பாதி கரண்ட் அடித்த மாதிரி நிற்கிறது?

மருமகள்: இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டினேன். நீங்கள் ஜாக்கெட்டுக்கு அப்படித்தானே வெட்டுவீர்கள்?

மாமனார்: அது காட்டன். வெல்வெட்டையே தடவிப் பார்த்துத்தான் வெட்டுவோம், இதற்கு அரை விரல் நீளத்துக்கு முடி இருக்கிறது. முடி எந்தப் பக்கம் படிகிறதோ, தொப்பியில் அந்தப் பக்கம் கீழே வர வேண்டும். துணியைப் புரட்டிப் போடு. முதுகில் சாக்பீஸால் அம்புக்குறி போடு. கத்தரியைக் கீழே வை.

மருமகள்: கத்தரி இல்லாமல் எதால் வெட்டுவது?

மாமனார்: பிளேடு. அடித்துணியை மட்டும் கீற வேண்டும், முடி மேல் படக்கூடாது. அப்புறம் மெதுவாகப் பிரித்தால் முடி முழு நீளத்தோடு வந்துவிடும். கத்தரியை ‘ஆ’வென்று திறந்து வெட்டினால் சலூன் தரை மாதிரிதான் ஆகும். பையன் தலை எவ்வளவு?

மருமகள்: ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர்.

மாமனார்: உள்ளே லைனிங் வரும், முடி வேறு இடத்தை அடைக்கும். ஐம்பத்தைந்து வைத்துக்கொள். மேலே வட்டம் எவ்வளவு வரும், சொல்?

மருமகள்: ஒரு நிமிஷம், போன் எங்கே வைத்தேன்...

மாமனார்: பதினேழரை. ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தால் முடிந்தது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு விட்டால் பத்தொன்பதரை. கம்ப்யூட்டர் கம்பெனியில் உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றா சொன்னாய்?

(இதற்கு மருமகள் பதில் சொல்லவில்லை. சொல்லாததுதான் நல்லது.)

மாமனார்: தையலை நாலு மில்லிமீட்டருக்கு வை. இரண்டு துண்டையும் முடி உள்பக்கம் பார்க்கச் சேர்த்துப் பிடி. வெளியே நீட்டுகிற முடியைக் குச்சியால் உள்ளே தள்ளிக்கொண்டே தை.

மருமகள்: ஹோட்டல் நூடுல்ஸோடு வந்த சாப்ஸ்டிக் இருக்கிறது.

மாமனார்: கொண்டா. இந்த வீட்டில் அதனால் நடக்கிற முதல் வேலை இதுதான்.

(மெஷின் இரண்டு முறை முனகிவிட்டு ஓடுகிறது. மருமகள் அயர்ன் பாக்ஸோடு வருகிறாள்.)

மாமனார்: ஐயோ, அதை அந்தப் பக்கம் வை! இது பிளாஸ்டிக் முடி, சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். விரலால் நீவினால் போதும். இப்போது புரட்டு. தையலில் மாட்டின முடியை ஊசி நுனியால் வெளியே இழு. ம்... என் தையல் எங்கே இருக்கிறது, கண்டுபிடி பார்ப்போம்.

மருமகள்: தெரியவே இல்லை மாமா!

மாமனார்: தெரிந்தால் கடையை மூடிவிட்டு எப்போதோ விவசாயத்துக்குப் போயிருப்பேன். வாலுக்கு எத்தனை வளையம்?

மருமகள்: ஆறு வைக்கலாம். கறுப்பு ஒரு பட்டை, பழுப்பு ஒரு பட்டை.

மாமனார்: பட்டைகளை ஒட்டுப்போடும்போதும் முடி வால் நுனியைப் பார்த்துத்தான் படிய வேண்டும். நாற்பது வருஷமாக எத்தனையோ பேருக்கு அளவெடுத்தேன், ஒருவர்கூட வால் கேட்டதில்லை. பெரிய ஆள் யாராவது இதைப் போட்டுக்கொண்டு தெருவில் போயிருக்கிறார்களா?

மருமகள்: ஓட்டே கேட்டிருக்கிறார்கள். 1948-இல் எஸ்டெஸ் கெஃபாவர் என்பவர் இங்கே செனட் தேர்தலில் நின்றார். மெம்ஃபிஸ் ஊர் அரசியலையே கைக்குள் வைத்திருந்தவர் கிரம்ப் என்று ஒருவர். அவர் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்துத் திட்டினார்: இந்த ஆள் வளர்ப்பு ரக்கூன் மாதிரி, மேசை டிராயருக்குள் கையை விட்டுத் துழாவும், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும் என்று.

மாமனார்: அடப்பாவி! இவர் என்ன செய்தார்?

மருமகள்: ரக்கூன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் ரக்கூனாகவே இருக்கட்டும், ஆனால் கிரம்ப் வளர்க்கிற ரக்கூன் இல்லை என்று ஊர் ஊராகப் பேசி ஜெயித்துவிட்டார்.

மாமனார்: திட்டினதையே தலையில் மாட்டிக்கொண்டு ஓட்டு வாங்கியிருக்கிறார்! நம் ஊரில் பிறந்திருந்தால் கரை வேட்டியோடு இந்தத் தொப்பிக்கும் எனக்கு ஆர்டர் வந்திருக்கும்; தேர்தலுக்கு இரண்டாயிரம். (வாலைத் தைத்து நூலைக் கடிக்கிறார்.) முடிந்தது. ஒட்டியிருக்கிற தூசி முடி போக, வெளியே கொண்டுபோய் நன்றாக உதறிவிட்டு வருகிறேன்.

(பின்கதவு திறக்கிறது. இருட்டிவிட்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.)

மாமனார்: ஏம்மா, தையல் சாமான் டப்பாவை வெளியேயா வைத்தாய்?

மருமகள்: ஆமாம் மாமா, படிக்கட்டில். பையன் பிஸ்கட்டையும் அதில்தான் போட்டு வைத்திருக்கிறான். ஏன்?

மாமனார்: ஒருத்தர் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.