எங்கள் வடிகாலையும் கொஞ்சம் பாருங்கள்
காவிரி கெடுவதற்குத் திருப்பூர்ச் சாயக்கழிவே காரணம் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை முடித்துவிடுகிறது. அந்தக் கழிவைக் காவிரிக்குச் சுமந்துவரும் நொய்யல் ஆறு பட்ட பாட்டை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வயலும் யோக்கியமில்லை. காவிரி டெல்டாவில், மன்னார்குடிப் பக்கம் சம்பாவுக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாரத்தில்தான் மேலுரம் (வளரும் பயிருக்குத் தூவும் உரம்) போடுகிறோம், அதுவும் ஐப்பசி மழையோடு. போன வருடம் 45 கிலோ யூரியா மூட்டையைத் தூவிய மறுநாளே கொட்டித் தீர்த்தது. பயிர் மூழ்கிவிடுமே என்று நானே வரப்பை வெட்டி, உரம் கரைந்த தண்ணீரை வடிகாலில் விட்டேன். மேல்மடை வயல்களின் வடிகால்தான் பல இடங்களில் அதற்குக் கீழே இருக்கும் கீழ்மடை வயல்களுக்குப் பாசன வாய்க்கால். மிச்சத் தண்ணீர் பாமணியாற்றில் இறங்கி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகிறது. ஆகாயத்தாமரை மண்டுவது தூர்வாராததால்தான் என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வடிகாலைத் தூர்வாரினார்கள் ஐயா, இரண்டே மாதத்தில் மறுபடி பச்சைப் பாய் விரித்துவிட்டது. அதற்குத் தீனி எங்கள் மூட்டையிலிருந்தும்தான் போகிறது.