போனைக் கையிலிருந்து வாங்காதீர்கள்

பெரியவர்களுக்குப் போன் பழக்க நாம் சம்பளம் இல்லாமல் எடுக்கும் வகுப்பில் நேற்று நடந்ததைப் பற்றி, நம் குழுவில் ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நானும் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்ள வந்த அந்த அம்மாவின் கையிலிருந்த போனை நம்மில் ஒருவர் வாங்கி, பத்து விநாடியில் எல்லாவற்றையும் தட்டி, "அவ்வளவுதாம்மா, முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்தது உதவி இல்லை.

"அவங்க கேட்டாங்க, செஞ்சு கொடுத்தோம், இதுல என்ன தப்பு?" என்கிறீர்கள். மின்னஞ்சலில் படத்தை எப்படி இணைப்பது என்றுதான் அவர் கேட்டார். நீங்கள் இணைத்தே கொடுத்துவிட்டீர்கள். அடுத்த படத்துக்கு அவர் யாரைத் தேடிப் போவார்?

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் இதன் கஷ்டம் தெரியும். தட்டுவதற்கும் அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசமே ஒரு நாள் பாடம். ஒரு பெரியவர் திரைக்குக் கீழே இருக்கும் மூன்று பொத்தான்களை நன்றாகப் பழகிவைத்திருந்தார். மகன் புது போன் வாங்கிக் கொடுத்ததும் தடுமாறிப் போனார். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இலிருந்து, ஓரத்தில் விரலை இழுத்தே பின்னால் போகலாம். அவருடைய புது போனிலும் அப்படித்தான், பொத்தானே இல்லை. "எனக்கு மறதி வந்துடுச்சு" என்றார். மறதியே இல்லை ஐயா, பொத்தானை எடுத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் போய் அதைத் திரும்ப வரவழைக்க அவருக்கு இருபது நிமிடம் ஆனது. அவர் விரலால்தான் செய்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை நான் பிறவியிலேயே தெரிந்துவைத்திருக்கவில்லை. என் அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் நான்தான் வாங்கிச் செய்துகொடுத்தேன். அவசரம், வேலை, ஆயிரம் காரணம். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். போன் அடித்தால்கூட, "நீயே பாரும்மா" என்று என்னிடம் நீட்டுவார். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு இருந்த மனுஷனை நான்தான் அப்படி ஆக்கினேன்.

இருபது பேருக்கு இரண்டு பேர், நேரம் எங்கே என்று கேட்டால், சரி, அது நியாயம். ஆனால் "கடவுச்சொல்லைச் சொல்லுங்க, நானே போட்டுடறேன்" என்பதை எப்படி ஒத்துக்கொள்வது? ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று காலையில் பாடம் எடுத்தவர்கள் நாம். மாலையில் நாமே கேட்டு வாங்கினால், நாளைக்குப் போனில் அன்பாகப் பேசும் மோசடிக்காரனுக்கும் அவர் சொல்லத்தான் செய்வார்.

"சம்பளம் இல்லாமல் வருபவர்களைக் குறை சொன்னால் யாரும் வரமாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் சம்பளம் இல்லாமல்தான் வருகிறேன். சனிக்கிழமை எனக்கும் சனிக்கிழமைதான். இலவசம் என்பதால் எதிரே இருப்பவரை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாமா? என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த அம்மாவை "ரொம்ப ஸ்லோ" என்று குழுவில் எழுதினீர்களே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

போன் திரும்பி வந்ததும் அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். அப்புறம் அதைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். வகுப்பு முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதுவரை அந்தப் பையைத் திறக்கவே இல்லை.